சுகந்தி மிஸ் கைதட்டு

கொஞ்சம் உள்ள நகந்து உக்காருங்க டீச்சர், அந்தச் சார்ட்டு மடங்கிடப்போகுது. டீச்சர்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு பாக்குறீங்களா? ஸ்கூல் திறந்த வாரம், காலை பஸ்சு, கையில சார்ட்டுச் சுருள், மடியில சாப்பாட்டுக் கூடை. வேற யாரா இருக்க முடியும்? நானும் நம்ம டிபார்ட்மெண்டுதான். பேரு சுகந்தி. வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநர். தினம் ஸ்கூட்டியிலதான் போவேன், அது நேத்துலருந்து மெக்கானிக் கடையில கிடக்கு. அதான் இந்தக் கூட்டத்துல வந்து மாட்டிக்கிட்டேன். ஒரு வகையில நல்லதாப் போச்சு, பேச ஒரு ஆள் கிடைச்சுது. ஸ்கூல் லீவு விட்டதுலருந்து மனசுக்குள்ள போட்டுப் புழுங்கிக்கிட்டு இருக்கேன். வீட்டுல சொன்னா அவரு "விடு சுகந்தி"ங்கறார். விடுன்னா எப்படி விடுறது?

உங்க பக்கம் பயிற்றுநர்லாம் எப்படின்னு எனக்குத் தெரியாது. சில பேர் இருக்காங்க. வருவாங்க, செல்போன்ல நாலு டிக் அடிப்பாங்க, டீ வந்தா குடிப்பாங்க, கிளம்பிடுவாங்க. நான் அந்த ரகம் இல்ல. எங்க வேலை என்ன டீச்சர்? ஸ்கூலுக்குப் போகணும், டீச்சர் பாடம் நடத்துறதைப் பின்னால உக்காந்து பாக்கணும், எங்க தடுமாறுறாங்களோ அங்க கைகொடுக்கணும். இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, அதிகாரம் கிடையாது. உதவி, அவ்வளவுதான். அந்த உதவிக்குத்தான் எனக்கு இந்த மரியாதை கிடைச்சிருக்கு.

சொல்றேன் கேளுங்க. போன வருசம் எங்க வட்டாரத்துல ஒரு சர்வே எடுத்தாங்க. மூணாம் வகுப்புப் பிள்ளை கையில ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்றது. அதுல ஒரு ஸ்கூல் கடைசி. ரெண்டு டீச்சர் ஸ்கூல்தான், தலைமை ஆசிரியர் முத்துக்கருப்பன் சார் நாலு, அஞ்சு எடுக்கிறார், பிலோமின்னு ஒரு டீச்சர் ஒண்ணு, ரெண்டு, மூணு எடுக்கிறாங்க. எங்க வட்டாரக் கல்வி அலுவலர், அதான் பிஇஓ சார், கூட்டத்துல, அத்தனை பேர் முன்னாடி, "சுகந்தி, அது உங்க பொறுப்புல உள்ள ஸ்கூல்தானே? பிப்ரவரியில மாநிலக் குழு வருது, அதுக்குள்ள மேல கொண்டு வந்தாகணும்"னுட்டார். எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. சரி, ஏத்திக் காட்டுறேன் பாருன்னு மனசுக்குள்ள சபதம் போட்டுக்கிட்டேன்.

முதல் நாள் போறேன். ஸ்கூட்டியை வேப்பமரத்துக்கிட்ட நிறுத்திட்டு, சத்தம் போடாம உள்ள போய் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டேன். பிள்ளைங்க எல்லாம் தரையில, டீச்சரைச் சுத்தி ஈ மொச்ச மாதிரி மொச்சுக்கிட்டு இருக்கு. என்ன பாடம் நடக்குதுன்னு பாக்குறேன். ஆடு!

ஆமா டீச்சர், ஆடு. தர்ஷினின்னு ஒரு பொண்ணு, அது வீட்டு ஆடு குட்டி போட்டுருச்சாம். அந்தப் பொண்ணு முனகுது, பிலோமி டீச்சர் குனிஞ்சு காது கொடுத்துக் கேக்குறாங்க. "கருப்பா, வெள்ளையா?" "ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவலை." அதைப் போர்டுல எழுதுறாங்க. "தாய் ஆடு என்ன பண்ணுச்சு?" "நக்குச்சு." அதையும் எழுதுறாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வந்து, விரலை வச்சு, எழுத்து எழுத்தா நகத்தி வாசிக்குதுங்க. அவசரமே இல்ல. ஒரு பிள்ளை "செவலை"ங்கிற ஒரு வார்த்தையில நின்னுக்கிட்டே இருக்கு, டீச்சரும் கூடவே நின்னுக்கிட்டே இருக்காங்க. எனக்குப் பொறுமை போச்சு. மேல இருந்து அந்த வாரத்துக்கு வந்திருக்கிற பாடம் மழை. ஸ்டேட் முழுக்க மழை ஓடுது. இங்க ஆடு ஓடுது! என் செல்போன்ல இருக்கிற ஆப்ல அதுக்கு ஒரு கட்டமே கிடையாது. நான் எதை டிக் அடிக்கிறது, சொல்லுங்க?

வகுப்பு முடிஞ்சதும் கேட்டேன், என்ன டீச்சர் இதுன்னு. "அதுங்க சொன்னதை அதுங்களே வாசிக்குதுங்க மிஸ். மெதுவாத்தான் வரும். தர்ஷினி இந்த வருசம் வாயே திறக்கல, இன்னைக்குத்தான் பேசினா"ன்னாங்க. குரலே வராது அவங்களுக்கு, காத்து மாதிரி பேசுவாங்க. நான் குறை சொல்லல, அவங்க சுபாவம் அப்படி. மழையில நனைஞ்ச கோழி மாதிரி ஒரு பார்வை. நான் பொறுமையாக் கேட்டுட்டு, "சரி டீச்சர், சாக்பீஸைக் கொடுங்க, நான் ஒருவாட்டி எடுத்துக் காட்டுறேன்"னேன்.

நான் பெருமைக்குச் சொல்லல. நீங்க அந்த வகுப்பைப் பாத்திருக்கணும்! மழைப் பாட்டு, அதுக்கு ஆக்‌ஷன், மேகம் இப்படி, இடி இப்படி, ஓடை இப்படி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னு ஆடுதுங்க. அப்புறம் என்னோட கைதட்டு. ரெண்டு தட்டு, ஒரு சொடக்கு, திரும்ப ஒரு தட்டு. இங்க பாருங்க, இப்படி. இதைத் தட்டினா எந்தச் சத்தத்துல இருந்தாலும் பிள்ளைங்க என் பக்கம் திரும்பணும், "வந்தாச்சு மிஸ்"னு சொல்லணும். நானாக் கண்டுபிடிச்சது. மாவட்டத்துல பல ஸ்கூல்ல இதுக்குப் பேரே சுகந்தி மிஸ் கைதட்டு. அந்த தர்ஷினி, வாயே திறக்காத பொண்ணுன்னாங்களே, அது தொண்டை கிழியப் பாடுது! பிலோமி டீச்சர் பின்னால கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. கேளுங்களேன், அந்தப் பெஞ்சு ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சு, முட்டி ரெண்டும் நெஞ்சுல இடிக்குது. அப்பவும் எழுந்திருக்கல. அந்தப் பணிவு எனக்குப் பிடிச்சிருந்தது.

அதுக்கப்புறம் நான் அந்த ஸ்கூலை விடவே இல்ல. மத்த ஸ்கூலுக்கு மாசம் ஒருவாட்டின்னா இதுக்கு வாரத்துக்கு ரெண்டுவாட்டி. என் ஸ்கூட்டி சத்தம் கேட்டா பிள்ளைங்க வாசலுக்கு ஓடியாரும், "சுகந்தி மிஸ், சுகந்தி மிஸ்"னு. ஒண்ணு என் பையைப் பிடுங்கும், ஒண்ணு ஹெல்மெட்டைத் தன் தலையில மாட்டிக்கும். பிலோமி டீச்சர் என்ன பண்ணுவாங்க தெரியுமா? பாதி வார்த்தை எழுதிக்கிட்டிருந்தாலும் சரி, அப்படியே நிறுத்தி சாக்பீஸை மேசை மேல வச்சுட்டு, அந்தக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துடுவாங்க. நான் கேக்கவே வேண்டியதில்ல. அவ்வளவு ஒத்துழைப்பு. அப்படிப்பட்டவங்க எப்படி மாறினாங்கங்கறதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

டிக்கெட்டா? நான் எடுத்துட்டேன் தம்பி. டீச்சருக்கும் எடுத்தாச்சு, அவங்க கையிலயே இருக்கு பாருங்க.

எங்க விட்டேன்? ஆங். அவங்க எடுக்கிற அன்னைக்கு நான் சும்மா உக்காந்திருப்பேன்னு நினைக்காதீங்க. தப்பு வந்தா உடனே, அந்த இடத்துலயே சொல்லிடுவேன். "டீச்சர், கையை இன்னும் தூக்குங்க. டீச்சர், சிரிச்ச முகமா இருங்க. அப்படி இல்ல டீச்சர், பாட்டுக்கு அப்புறம்தான் வார்த்தை அட்டை." பிள்ளைங்க முன்னாடிதான் சொல்வேன். ஒளிவு மறைவு எதுக்கு? அதுல ஒரு நல்லது நடந்துச்சு, கேளுங்க. பிள்ளைங்களுக்குத் துணிச்சல் வந்துருச்சு. நான் இல்லாத நாள்லயும் அவங்க ஏதாவது மாத்திச் செஞ்சா, "தப்பு டீச்சர், சுகந்தி மிஸ் இப்படிச் செய்ய மாட்டாங்க"ன்னு பிள்ளைங்களே திருத்துதாம். முத்துக்கருப்பன் சார் சொல்லி நான் சிரிச்ச சிரிப்பு! அவரு என்னமோ சிரிக்கல. அவருக்கு ரசனை கம்மி.

ஒருநாள் பிலோமி டீச்சர் என்கிட்ட வந்து, "மிஸ், வாரத்துல ஒரு நாள் மட்டும் நான் என் மாதிரி எடுத்துக்கட்டுமா? பிள்ளைங்க பாட்டா ஒப்பிக்குதுங்க, அட்டையை மாத்திப் பிடிச்சாலும் அதே பாட்டைத்தான் சொல்லுதுங்க"ன்னாங்க. எனக்குக் கோபம் வரல. வருத்தம்தான் வந்துச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடி ஆட்டுக்குட்டியா? "பிப்ரவரி முடியட்டும் டீச்சர், அப்புறம் நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. நியாயமாத்தானே சொன்னேன்?

பிப்ரவரி வந்துச்சு. மாநிலக் குழுவும் வந்துச்சு. எங்க பிஇஓ சார் முன்னால, குழு பின்னால, ரெண்டு கார். பாடம் பிலோமி டீச்சர்தான் எடுக்கணும், ஏன்னா அவங்கதானே வகுப்பு டீச்சர். ஒரு வாரமா ஒத்திகை. என்ன பேசணும், எங்க நிக்கணும், எப்ப சிரிக்கணும், எல்லாம் நானே எழுதிக் கொடுத்துட்டேன். புடவைகூட நான்தான் சொன்னேன், மாம்பழக் கலர் கட்டிட்டு வாங்க, போட்டோவுல எடுப்பா விழும்னு. கட்டிட்டு வந்திருந்தாங்க. நான் ஜன்னல் ஓரமா ஒதுங்கி நின்னுட்டேன். இன்னைக்கு வாயே திறக்கறதில்லைன்னு முடிவு. பெருமையெல்லாம் அவங்களுக்கே போகட்டும்னு நினைச்சேன் டீச்சர், சத்தியமா.

அவங்க நடுவுல வந்து நின்னாங்க. கைதட்டு தட்டினாங்க. ரெண்டு தட்டு, ஒரு சொடக்கு, ஒரு தட்டு. சரியாத்தான் தட்டினாங்க. பிள்ளைங்க எல்லாம் டக்குன்னு திரும்பி, "வந்தாச்சு மிஸ்!" யாரைப் பாத்துத் திரும்புச்சுங்க? என்னைப் பாத்து! ஜன்னல் பக்கம்! பிலோமி டீச்சர் பக்கம் அத்தனை முதுகு.

எனக்குப் பதறிப்போச்சு. நான் கையை நீட்டி, "அங்க, அங்க, டீச்சரைப் பாருங்க"ன்னு சைகை காட்டுறேன். உடனே எல்லாப் பிள்ளையும் கையை நீட்டுது! நான் செய்யறதைப் பாத்துச் செஞ்சே பழகினதுங்க இல்லையா? அத்தனை விரலும் பிலோமி டீச்சரைப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்குது. நான் கையைக் கீழ போடுறேன், எல்லாரும் கீழ போடுறாங்க. அட கடவுளேன்னு தலையில கைவைக்கிறேன், எல்லாரும் தலையில கைவைக்கிறாங்க. குழுவுல வந்த சார் ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். பிஇஓ சாரும் சிரிக்கிறார். எல்லாருமே சிரிக்கிறாங்க. நீங்களும் சிரிக்கலாம் டீச்சர், பரவால்ல. சிரிக்கலையா? நான் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க இந்த இடத்துல.

பிலோமி டீச்சர் என்ன பண்ணியிருக்கணும்? சமாளிச்சிருக்கணும். இன்னொருவாட்டி தட்டியிருக்கணும். அவங்க என்ன பண்ணினாங்கன்னா, சாக்பீஸை மேசை மேல வச்சாங்க. யாரும் சொல்லல, தானாவே போய் அந்தக் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டாங்க. நடுவுல யாரும் இல்ல. குழு பாத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க. ஓடிப்போய்ச் சாக்பீஸை எடுத்தேன். அன்னைக்கு எடுத்த வகுப்பு மாதிரி நான் என் வாழ்க்கையிலயே எடுத்ததில்ல. குழுத் தலைவர் எழுந்து நின்னு கைதட்டினார். "இந்த மாதிரி ஒரு டீச்சர் ஸ்கூலுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்"னார். நான்தான் வகுப்பு டீச்சர்னு நினைச்சுட்டார் பாவம். அந்த நேரத்துல போய் இல்லைங்க சார்னு விளக்கிக்கிட்டிருக்க முடியுமா? அப்புறம் பின்னால காட்டி, "அவங்க யாரு?"ன்னு கேட்டார். "நம்ம டீச்சர்தான் சார், பழகிக்கிட்டு இருக்காங்க"ன்னு பக்குவமாச் சொல்லி அவங்களைக் காப்பாத்தி விட்டேன். இல்லேன்னா அவங்க மேல நடவடிக்கையே வந்திருக்கும்.

அதுக்கு ஒரு நன்றி உண்டா? அன்னைக்குச் சாயங்காலம் நான் எல்லாருக்கும் மிக்சர், ஜாங்கிரி வாங்கிட்டு வந்தேன். பிலோமி டீச்சர் ஜாங்கிரியைப் பிட்டு தர்ஷினி வாயில ஊட்டிட்டு, கையைக் கழுவிட்டு, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

மே மாசம் மாறுதல் கவுன்சிலிங். போய் ஒரு மலைக் கிராமத்து ஸ்கூலை எடுத்துட்டாங்க! வீட்டுக்காரர் இங்க டவுன்ல கடை வச்சிருக்கார், பையன் இங்க படிக்கிறான், வீட்டுலருந்து ஸ்கூலுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதை விட்டுட்டு, பஸ்சே போகாத ஊரை யாராவது கேட்டு வாங்குவாங்களா? போன் பண்றேன், எடுக்கல. மெசேஜ் போடுறேன், பாக்கறாங்க, பதில் இல்ல. யாருக்காக டீச்சர் நான் வெயில்லயும் மழையிலயும் வாரத்துக்கு ரெண்டுவாட்டி போனேன்? அவங்க பேர் நல்லா வரணும்னுதானே? இவ்வளவு செஞ்சதுக்கு, போயிட்டு வரேன் மிஸ்னு ஒரு வார்த்தை சொன்னாக் குறைஞ்சா போயிடுவாங்க?

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஏப்ரல்ல மறுபடி சர்வே எடுத்திருக்காங்க. நாங்க எடுக்கறது இல்ல, வெளி ஆளுங்க வந்து எடுத்தது. அதே ஸ்கூல், அதே கடைசி! எனக்குத் தலை சுத்துது. பாட்டு, ஆக்‌ஷன் எல்லாம் ஜோராச் செய்யுதுங்களாம், புதுசா ஒரு பத்தியைக் கையில கொடுத்தா முழிக்குதுங்களாம். அந்த தர்ஷினி, தொண்டை கிழியப் பாடின பொண்ணு, தாளைக் கையில வச்சுக்கிட்டு, நான் எங்கயாவது நிக்கிறேனான்னு ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்துச்சாம். எனக்குத் தெரியும் என்ன நடந்திருக்கும்னு. பிப்ரவரிக்கு அப்புறம் பிலோமி டீச்சர் எல்லாத்தையும் கைவிட்டிருப்பாங்க. நான் குறை சொல்லல. ஆனா வேற என்ன காரணம் இருக்க முடியும்?

பிஇஓ சார் கூப்பிட்டார். "இந்தக் காலாண்டுக்குள்ள முன்னேற்றம் இல்லேன்னா அந்த ஸ்கூலை வேற ஆளுக்கு மாத்திடுவேன் சுகந்தி"ன்னுட்டார். அவருக்கென்ன, சாதாரணமாச் சொல்லிட்டார். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல டீச்சர்.

உங்ககிட்டச் சொன்னா என்ன. நானும் ஒரு காலத்துல வகுப்பு டீச்சராத்தான் இருந்தேன். கொஞ்ச வருசம்தான். அப்புறம் இந்த வேலைக்குப் போட்டுட்டாங்க. பேரு கௌரவமாத்தான் இருக்கு. ஆனா எனக்குன்னு ஒரு வகுப்பு இல்ல. எல்லா ஸ்கூல் பிள்ளைக்கும் நான் மிஸ், ஒரு பிள்ளைக்கும் நான் அதோட மிஸ் இல்ல. ஆசிரியர் தினத்துக்கு எனக்கு யாரும் ஒரு பேனா கொடுத்ததில்ல. இந்த ஸ்கூல்லதான், வாசலுக்கு ஓடியாருமே, அந்தச் சத்தம்... அதை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேங்கறார். அதுங்க என் பிள்ளைங்க டீச்சர். எப்படிக் கொடுப்பேன்?

சரி, அழுது என்ன ஆகப்போகுது. இன்னைக்கு அந்த ஸ்கூல்ல புதுசா ஒரு டீச்சர் சேருறாங்களாம். எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் போறேன். நீங்க எங்க இறங்கணும்? ஓடைக்கரைப்பட்டியா! அட! ஓடைக்கரைப்பட்டி ஸ்கூலா? அப்ப நீங்கதானா அது!

முதல்லயே சொல்ல வேண்டாமா! நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வரேன். நான் எங்க உங்களைச் சொல்ல விட்டேங்கறீங்களா? ஹ ஹ, அதுவும் சரிதான். பயப்படாதீங்க டீச்சர், நான் இருக்கேன். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். பத்து நாளைக்குச் சும்மா உக்காந்து பாருங்க போதும். எத்தனை வருசம் சர்வீஸ் உங்களுக்கு? முப்பதா? அப்ப என்னைவிடப் பெரியவங்களா இருப்பீங்க போல. பரவால்ல, முப்பது வருசமும் பழைய முறையிலதானே போயிருக்கும், மாத்திக்கலாம். மனசு வச்சா முடியாதது என்ன?

எங்க, அந்தச் சார்ட்டைக் கொடுங்க பாப்போம். கொடுங்க, கசக்க மாட்டேன். என்னது, ஒண்ணுமே இல்ல? வெத்துத்தாளு! முதல் நாள் வகுப்புக்கு வெத்துச் சார்ட்டைத் தூக்கிட்டா வருவாங்க? பிள்ளைங்க என்ன சொல்லுதுங்களோ அதை எழுதறதா? ஐயோ டீச்சர், நீங்களும் அந்த ஆட்டுக்குட்டிக் கதைதானா! இதை யார் சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு? இருங்க, இருங்க. கவுன்சிலிங் ஹால்ல பிலோமி டீச்சரைப் பாத்தீங்களா? பக்கத்து நாற்காலியா? ஸ்கூலைப் பத்தி என்ன சொன்னாங்க? பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கன்னாங்களா. அது சரி, என்னைப் பத்தி? என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பாங்களே. நான் நல்லாப் பாடுவேன்னு சொன்னாங்களா?

பாத்தீங்களா! மனசுல மரியாதை இருக்கு. வாயால சொல்லத்தான் வரல அவங்களுக்கு. எனக்கு இப்பத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு. வேற? வேற ஒண்ணும் சொல்லலையா? அவ்வளவுதானா? சரி.

பேனா வச்சிருக்கேன் நான், பட்டையா எழுதும். மடியில இந்தப் பையை வச்சுக்கிட்டா எழுதிடலாம். முதல்ல தலைப்பு. பஸ்சு குலுங்குது, பரவால்ல. மேல மேகம் வரைஞ்சிடறேன், இந்தப் பக்கம் பாட்டு, நாலு வரி. இந்தப் பச்சைப் பேனா வேணாம் டீச்சர், பிள்ளைங்க கண்ணுக்கு நீலம்தான் பிடிக்கும். நீங்க உள்ள போனதும் பேசாதீங்க, நான் கைதட்டு தட்டி உங்களை அறிமுகப்படுத்தறேன், நான் சொன்னதும் வணக்கம் சொல்லுங்க. புடவை ஓகே. நாளைக்குக் கொஞ்சம் பளிச்சுன்னு கட்டிட்டு வாங்க. ஆமா, உங்க பேரு என்ன சொன்னீங்க? இருங்க, இந்த வரியை முடிச்சுக்கறேன், அப்புறம் சொல்லுங்க.

ஏன் எழுந்திரிக்கிறீங்க? இது ஓடைக்கரை விலக்கு டீச்சர், ஸ்கூல் அடுத்த ஸ்டாப்பு. வாசல்லயே நிக்கும். இங்க இறங்கினா நடக்கணும், வெயில் ஏறிடுச்சு. டீச்சர்! கண்டக்டர் தம்பி, அவங்களுக்குத் தெரியல, சொல்லுங்க. டீச்சர், உங்க சார்ட்டு! என் கையில இருக்கு பாருங்க! தாளு இன்னொண்ணு இருக்கா? பையிலயா?

இறங்கிட்டாங்களே.

பாத்தீங்களாக்கா? நீங்க இப்படி உக்காருங்க, இடம் காலிதான். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க, நான் ஏதாவது தப்பாச் சொன்னேனா? உதவி பண்றேன்னுதானே சொன்னேன்? ஒரு வார்த்தை, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை... அதே மாதிரி. அச்சு அசல் அதே மாதிரி.

அங்க பாருங்க, ரோட்டோரமாப் போகுதுங்களே, பைக்கட்டோட, அதுங்க எல்லாம் என் பிள்ளைங்கதான். காலனியிலருந்து நடந்து வரும். அந்தம்மா அதுங்ககிட்டப் போய் நிக்கிறாங்க, வழி கேக்குறாங்க போல. ரெட்டைச் சடை போட்டிருக்கே, அதான் தர்ஷினி. நல்லாப் பாடும். அது என்ன சொல்லுது அவங்ககிட்ட? கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்லுதே. அவங்க குனிஞ்சு கேக்குறாங்க. பஸ்சு கொஞ்சம் நிக்கட்டும் தம்பி, ஆள் ஏறிக்கிட்டிருக்காங்கல்ல. இப்பப் பாருங்கக்கா, நான் இங்கருந்தே ஒரு தட்டு தட்டுறேன், அத்தனையும் திரும்பும் பாருங்க. அந்தக் கம்பியிலருந்து கையை எடுங்க, ஜன்னல் வழியாத் தட்டணும்.

ரெண்டு தட்டு. ஒரு சொடக்கு. ஒரு தட்டு.

இன்னொருவாட்டி தட்டுறேன் இருங்க.

தர்ஷினி! ஏய், தர்ஷினி!

பஸ்சு சத்தம்க்கா. கேட்டிருக்காது.